லாடெக் ஆய்வேட்டில் கிராஃப்: அளவு முதலில், கருவி அப்புறம்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் தன் ஆய்வேட்டை லாடெக்கில் (கட்டளைகளை எழுதி ஆவணத்தை அச்சுக்கோர்க்கும் மென்பொருள்) எழுதுகிறார், அதில் மேட்டூர் அணையின் தினசரி நீர்மட்டம் பற்றி ஓர் அத்தியாயம். கிராஃப்களை எக்செல்லில் போட்டு, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஒட்டியிருக்கிறார். அச்சில் எழுத்து மங்குகிறது, ஒரு படத்தில் எழுத்து பெரிசு இன்னொன்றில் பொடிசு, தரவில் ஒரு வரி திருத்தினால் எல்லாப் படத்தையும் திரும்ப எடுக்க வேண்டியிருக்கிறது. போதாததற்கு வழிகாட்டி, அச்சுகளின் பெயரெல்லாம் தமிழில் இருக்க வேண்டும் என்கிறார். மவுஸைத் தொடாமல் கட்டளை வரியிலேயே இதையெல்லாம் முடிக்க முடியுமா?

முடியும், அதுவும் நன்றாகவே முடியும். கட்டளைகளின் பெயரை இங்கே தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன், தட்டும்போது வழக்கம்போல ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் மங்கல் விஷயம். உங்கள் ஸ்க்ரீன்ஷாட் 600 பிக்சல் அகலம் என்று வைத்துக்கொள்வோம். அதைப் பக்கத்தில் 12 செ.மீ. அகலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 127 பிக்சல்தான் கிடைக்கும். அச்சுக்குப் பொதுவாகக் கேட்பது 300. அதற்கு 12 செ.மீ. படம் 1417 பிக்சல் இருக்க வேண்டும். ஆனால் கிராஃப் என்பது கோடும் எழுத்தும்தான், புகைப்படம் இல்லை, அதனால் பிக்சல் கணக்கே தேவையில்லை. பிடிஎஃப் அல்லது எஸ்விஜி மாதிரி வெக்டர் வடிவத்தில், அதாவது பிக்சலாக இல்லாமல் கோடாகவே சேமிக்கும் வடிவத்தில் வாங்கினால் எவ்வளவு பெரிதாக்கினாலும் கூர்மை போகாது. இது பலருக்கும் தெரிந்ததுதான். இதற்கு அடுத்த படியில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள்.

அதாவது, வெக்டரில் வரைந்த பிறகும் லாடெக்கில் சேர்க்கும்போது அகலத்தைக் கொடுத்துச் சுருக்குகிறார்கள். 16 செ.மீ. அகலத்தில் 10 பாயிண்ட் எழுத்தோடு வரைந்த படத்தை 8 செ.மீ.க்குச் சுருக்கினால் எழுத்து 5 பாயிண்ட் ஆகிவிடும், 1 பாயிண்ட் கோடு அரை பாயிண்ட் ஆகிவிடும். அடுத்த படத்தை வேறு அளவில் சுருக்கியிருப்பீர்கள், அதில் எழுத்து 7 பாயிண்ட். நீங்கள் சொன்ன "ஒரு படத்தில் பெரிசு இன்னொன்றில் பொடிசு" இங்கிருந்துதான் வருகிறது. எந்த மென்பொருளில் வரைந்தாலும் இது வரும். ஆகவே என் பதிலின் சாரம் இதுதான்: பக்கத்தில் எந்த அளவில் நிற்கப்போகிறதோ அதே அளவில் வரையுங்கள், சேர்க்கும்போது சுருக்கவும் வேண்டாம் நீட்டவும் வேண்டாம். படத்தைச் சேர்க்கும் இன்க்லூட்கிராஃபிக்ஸ் கட்டளையில் அகலமே கொடுக்காதீர்கள்.

அதற்கு உங்கள் பக்கத்தில் எழுத்துப் பகுதியின் அகலம் எவ்வளவு என்று தெரிய வேண்டும். ஆவணத்துக்குள் எங்காவது 'டைப்அவுட்' கட்டளையில் 'த டெக்ஸ்ட்விட்த்' என்று போட்டு ஓட்டினால் லாக் கோப்பில் எண் வந்துவிடும். லாடெக்கின் வழக்கமான ஆவண வகையான ஆர்ட்டிகிள் கிளாஸில் 10 பாயிண்ட் எழுத்துக்கு இது 345 பாயிண்ட், 12 பாயிண்டுக்கு 390. பல்கலைக்கழக டெம்ப்ளேட் என்றால் ஓரத்துக்கு விடும் இடத்தை அவர்கள் மாற்றியிருப்பார்கள், எனவே அளந்தே ஆக வேண்டும். ஒரு சின்ன வம்பு: டெக்கின் பாயிண்ட் அங்குலத்துக்கு 72.27, போஸ்ட்ஸ்கிரிப்ட், பிடிஎஃப் உலகின் பாயிண்ட் அங்குலத்துக்கு 72. இரண்டையும் குழப்பிக்கொள்வதற்குப் பதில் செ.மீ.க்கு மாற்றிவிடுங்கள். 345ஐ 72.27ஆல் வகுத்து 2.54ஆல் பெருக்கினால் 12.1 செ.மீ. அந்த எண்ணைத் தாளில் எழுதி மானிட்டரில் ஒட்டிக்கொண்டாலும் தப்பில்லை, ஆய்வேடு முடியும்வரை தேவைப்படும்.

சரி, இப்போது கருவி. என் பரிந்துரை க்னூபிளாட், கட்டளைகளால் கிராஃப் வரையும் மென்பொருள். 1986இல் இருந்து இருக்கிறது, தாமஸ் வில்லியம்ஸ், காலின் கெல்லி இருவரும் தொடங்கியது. பெயரைப் பார்த்து குனு திட்டத்தைச் சேர்ந்தது என்று நினைத்துவிடுவார்கள், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உபுண்டு, டெபியன், ஃபெடோரா எல்லாவற்றிலும் ஒரே கட்டளையில் நிறுவலாம். இதில் 'டெர்மினல்' என்று ஒன்று உண்டு. நீங்கள் தட்டுகிற கருப்புத் திரையைச் சொல்லவில்லை, படம் எந்த வடிவத்தில் வெளியே வர வேண்டும் என்பதைத்தான் அங்கே டெர்மினல் என்கிறார்கள். பழைய வழிகாட்டிகள் எல்லாம் இபிஎஸ்லாடெக் டெர்மினலைச் சொல்லும். அது லாடெக், டிவிஐபிஎஸ் என்று ஓட்டிய காலத்து வழி. இன்று உங்களுக்கு வேண்டியவை இரண்டே இரண்டு: பிடிஎஃப்கெய்ரோ, கெய்ரோலாடெக்.

பிடிஎஃப்கெய்ரோ முழுப் படத்தையும், எழுத்தையும் சேர்த்து, ஒரே பிடிஎஃப்பாகத் தந்துவிடும். எளிது. ஆனால் எழுத்துருவை நீங்கள்தான் ஆவணத்தோடு பொருத்த வேண்டும், கணிதக் குறிகள் லாடெக்கின் குறிகள் மாதிரி இருக்காது. இன்னொரு கண்ணி: இதில் ஃபான்ட்ஸ்கேல் என்ற அமைப்பு இயல்பாகவே 0.5இல் இருக்கும். நீங்கள் 12 பாயிண்ட் என்று கேட்டால் அச்சில் 6 தான் வரும். ஃபான்ட்ஸ்கேலை 1 என்று வெளிப்படையாகக் கொடுத்துவிடுங்கள், அளவும் செ.மீ.யில் கொடுங்கள், கொடுக்காவிட்டால் 5க்கு 3 அங்குலம் என்று அதுவே முடிவு செய்துகொள்ளும்.

கெய்ரோலாடெக் வேலையைப் பங்கு போடுகிறது. கோடு, புள்ளி, கட்டம் எல்லாம் ஒரு பிடிஎஃப்பில் போகும். எழுத்து முழுவதும் தனியாக ஒரு டெக் கோப்பில் போகும். உங்கள் ஆவணத்தில் அந்த டெக் கோப்பை 'இன்புட்' செய்தால் போதும், அது பிடிஎஃப்பை அடியில் வைத்து எழுத்தை மேலே அச்சுக்கோர்த்துவிடும். இதனால் என்ன லாபம் என்றால், கிராஃபில் உள்ள எழுத்தை லாடெக்கே கோர்க்கிறது. உடல் எழுத்தில் எந்த எழுத்துருவோ அதேதான் அச்சுப் பெயரிலும். பிறகு ஒருநாள் ஆவணத்தின் எழுத்துருவை மாற்றினால் எல்லாக் கிராஃபும் தானாக மாறிவிடும். ஆய்வேட்டுக்கு நான் இதைத்தான் சொல்வேன். கருத்தரங்கு ஸ்லைடுக்கு அவசரமாக ஒரு படம் வேண்டுமென்றால் பிடிஎஃப்கெய்ரோ போதும்.

உங்கள் மேட்டூர் தரவையே எடுத்துக்கொள்வோம். கோப்பில் இரண்டு நெடுவரிசை: தேதி, அடியில் நீர்மட்டம், நடுவில் கமா. க்னூபிளாட் ஸ்கிரிப்ட் ஒரு சாதாரண உரைக்கோப்பு. முதல் வரியில் 'செட் டெர்மினல் கெய்ரோலாடெக் பிடிஎஃப்' என்று எழுதி அளவு 12.1 செ.மீ., 7 செ.மீ. அடுத்து 'செட் அவுட்புட்' என்று டெக் கோப்பின் பெயர். 'செட் டேட்டாஃபைல் செப்பரேட்டர்' கமா. 'செட் எக்ஸ்டேட்டா டைம்' என்று எக்ஸ் அச்சு காலம் என்று சொல்லி, 'செட் டைம்எஃப்எம்டி' (டைம்ஃபார்மேட் என்பதன் சுருக்கம்) என்பதில் உங்கள் தேதி எந்த வரிசையில் இருக்கிறது (நாள், மாதம், ஆண்டு) என்று சொல்ல வேண்டும். ஒய் வீச்சு 0 முதல் 125. அணையின் முழுக் கொள்ளளவு நீர்மட்டம் 120 அடி என்பதால் அங்கே 'செட் ஆரோ' கொண்டு தலையில்லாத ஒரு புள்ளிக்கோடு. குறுவைக்குத் தண்ணீர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. ஒவ்வொரு ஆண்டும் அந்தத் தேதியில் மெல்லிய செங்குத்துக் கோடு ஒன்று போட்டால் வாசிப்பவருக்குக் கதை உடனே புரியும், எந்த ஆண்டில் அந்த நாளில் அணையில் எவ்வளவு இருந்தது என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். கடைசியில் 'பிளாட்', கோப்பின் பெயர், 'யூசிங் 1:2 வித் லைன்ஸ்'. மொத்தம் பத்துப் பதினைந்து வரிக்கு மேல் போகாது.

பத்து ஆண்டுத் தரவு என்றால் 3650 புள்ளிகள். பக்கத்தில் வரையும் பகுதி சுமார் 10.5 செ.மீ., அதாவது 300 பாயிண்டுக்குப் பக்கம். ஒரு பாயிண்ட் அகலத்துக்குள் பன்னிரண்டு நாள் அடங்குகிறது. ஆகவே கோட்டின் தடிமனை அரை பாயிண்டுக்குக் குறைத்துவிடுங்கள், புள்ளிக் குறியெல்லாம் போடவே போடாதீர்கள். போட்டால் கம்பளிப்பூச்சி மாதிரி இருக்கும்.

இந்த வழியில் எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடங்களை இங்கேயே சொல்லிவிடுகிறேன். க்னூபிளாட்டில் இரட்டை மேற்கோளுக்குள் பின்சாய்கோடு போட்டால் அதை அது தானே விழுங்கப் பார்க்கும், ஒற்றை மேற்கோளுக்குள் போட்டால் தொடாது. லாடெக் கட்டளை உள்ள பெயர்களை எப்போதும் ஒற்றை மேற்கோளில் எழுதுங்கள். இதைத் தெரியாமல் சிக்மா ஏன் வரவில்லை என்று ராத்திரி முழுக்கத் தேடியவர்கள் உண்டு. அடுத்தது கோப்பின் இடம். 'செட் அவுட்புட்'டில் என்ன பாதை கொடுத்தீர்களோ அதேதான் உருவாகும் டெக் கோப்புக்குள் பிடிஎஃப்பின் பாதையாகப் பதியும். படங்கள் என்ற கோப்புறைக்குள் போய் நின்றுகொண்டு க்னூபிளாட்டை ஓட்டினால், வெளியே இருக்கும் முதன்மை ஆவணம் பிடிஎஃப்பைக் கண்டுபிடிக்க முடியாமல் திணறும். முதன்மை ஆவணம் இருக்கும் இடத்திலிருந்தே ஓட்டுங்கள், வெளியீட்டுப் பாதையில் மட்டும் கோப்புறையின் பெயரைச் சேருங்கள். மூன்றாவது, க்னூபிளாட்டுக்குள் ஊடாடும் முறையில் தட்டிப் பார்க்கிறீர்கள் என்றால் 'செட் அவுட்புட்' என்று வெறுமனே ஒருமுறை சொன்ன பிறகுதான் கோப்பு மூடும். அதற்கு முன் திறந்தால் பாதிக் கோப்புதான் இருக்கும்.

இப்போது தமிழ். இதில்தான் பாதிக் கருவிகள் கழன்றுவிடும், கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 'கொள்ளளவு' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 'கொ' என்பது கணினியில் ககரமும் ஒகரக் குறியும். திரையில் வரும்போது அந்தக் குறி இரண்டாகப் பிரிந்து, கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் போக வேண்டும். இந்த வேலையைச் செய்ய எழுத்தமைப்பு இயந்திரம் ஒன்று வேண்டும், ஹார்ஃப்பஸ் போல. அது இல்லாத மென்பொருள் எழுத்துகளை வந்த வரிசையிலேயே அடுக்கிவிடும். கொம்பு தப்பான பக்கம் நிற்கும், இல்லாவிட்டால் புள்ளி வட்டம் ஒன்று முளைக்கும்.

க்னூபிளாட்டின் பழைய போஸ்ட்ஸ்கிரிப்ட் டெர்மினல் தமிழுக்கு உதவாது. பிடிஎஃப்கெய்ரோ பாங்கோ நூலகம் வழியாக எழுதுவதால் தமிழ் சரியாகவே வரும். எழுத்துருவின் பெயரைத் துல்லியமாகக் கொடுக்க வேண்டும், நோட்டோ சான்ஸ் டமில் அல்லது லோஹித் டமில் மாதிரி. உங்கள் கணினியில் என்னென்ன தமிழ் எழுத்துரு இருக்கிறது என்று பார்க்க 'எஃப்சி-லிஸ்ட்' கட்டளையில் மொழி 'டிஏ' என்று கேட்டால் பட்டியல் வரும்.

கெய்ரோலாடெக் வழியில் எழுத்தை லாடெக் கோர்ப்பதால், கேள்வி லாடெக்குக்கு மாறுகிறது. பிடிஎஃப்லாடெக்கை மறந்துவிடுங்கள், யூனிகோட் தமிழுக்கு அது சரிவராது. லாடெக்கின் யூனிகோட் வடிவங்களான ஸீலாடெக் அல்லது லுவாலாடெக்தான் வேண்டும். இரண்டிலும் ஃபான்ட்ஸ்பெக் தொகுப்பில் எழுத்துருவைச் சொல்லும்போது 'ஸ்கிரிப்ட்' என்ற விருப்பத்தில் தமிழ் என்று கட்டாயம் குறிப்பிடுங்கள். குறிப்பிடாவிட்டால் எழுத்துரு சரியாக இருந்தும் கொம்பு இடம் மாறும். லுவாலாடெக் என்றால் கூடவே 'ரெண்டரர்' ஹார்ஃப்பஸ் என்றும் போட வேண்டும், டெக் லைவ் 2020 முதல் அது உள்ளேயே வருகிறது. உடல் எழுத்து ஏற்கெனவே தமிழில் ஒழுங்காக வருகிறது என்றால் உங்களுக்கு இதெல்லாம் தயாராகவே இருக்கும், கிராஃபுக்கென்று புதிதாக எதுவும் செய்ய வேண்டாம். கெய்ரோலாடெக்கை நான் தூக்கிப் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரே ஒரு குறை. எழுத்தின் உண்மையான அகலம் லாடெக் ஓடும்போதுதான் தெரியும், அதற்கு முன்னாலேயே ஓடி முடிக்கும் க்னூபிளாட் அதை ஊகித்துத்தான் ஓரத்தில் இடம் விடுகிறது. தமிழ்ப் பெயர்கள் நீளம், ஊகம் தப்பும். ஒய் அச்சின் பெயர் எண்கள் மேல் ஏறி உட்காரும், அல்லது விளக்கப் பெட்டிக்குள் எழுத்து கோட்டின் மேல் இடிக்கும். இடது ஓரத்தை 'செட் எல்மார்ஜின் அட் ஸ்க்ரீன் 0.12' என்பது போல நீங்களே நிறுத்திவிட்டால் தீர்ந்தது. இதில் இன்னொரு நன்மையும் உண்டு: எல்லா ஸ்கிரிப்டிலும் அதே எண்ணைப் போட்டால், ஒரே பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும் கிராஃப்களின் இடது கோடு நேர்கோட்டில் நிற்கும். மாதப் பெயர்களைத் தமிழில் வேண்டுமென்றால், கணினியில் தமிழ் லொக்கேல் (மொழி அமைப்பு) நிறுவியிருந்தால், 'செட் லொக்கேல்' என்று அதைக் கொடுத்தால் க்னூபிளாட் தானே ஜனவரி, பிப்ரவரியைத் தமிழில் எழுதும்.

க்னூபிளாட்டே வேண்டாம், எல்லாமே லாடெக்குக்குள் இருக்கட்டும் என்று நினைத்தால் பிஜிஎஃப்பிளாட்ஸ் தொகுப்பு இருக்கிறது, லாடெக்குக்குள் படம் வரைய டில் டான்டா எழுதிய டிக்ஸ் தொகுப்பின் மேல் கட்டியது. தரவுக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் அதுவே படித்து வரைந்துவிடும். அழகு என்று பார்த்தால் இதுதான் முதலிடம், எனக்கும் பிடிக்கும். ஆனால் ஒவ்வொரு புள்ளியையும் டெக் தானே கணக்குப் போடுகிறது, டெக் அதற்காக எழுதப்பட்டதில்லை. ஐநூறு புள்ளி வரை ஒன்றும் தெரியாது. உங்கள் 3650 புள்ளியை ஆறேழு படத்தில் போட்டால் ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் டீ குடித்துவிட்டு வரலாம், பிடிஎஃப்லாடெக்கில் நினைவகம் தீர்ந்துவிட்டது என்றுகூட நின்றுவிடும். லுவாலாடெக்கில் நினைவகச் சிக்கல் இல்லை, நேரம்தான். இதற்கு மருந்தாக, படத்தை ஒருமுறை தனி பிடிஎஃப்பாக எடுத்து வைத்துக்கொள்ளும் 'எக்ஸ்டர்னலைஸ்' வசதி உண்டு, அதற்கு ஷெல் எஸ்கேப்பைத் திறந்துவிட வேண்டும். அதைத் திறந்தால் ஆவணத்துக்குள்ளிருந்து கணினியில் எந்தக் கட்டளையையும் ஓட்டலாம் என்று அர்த்தம், எனவே உங்கள் சொந்தக் கோப்புக்கு மட்டும், வேறு யாரோ அனுப்பியதற்கு வேண்டாம். இன்னொன்று, இதில் 12.1 செ.மீ. என்று அகலம் கொடுத்தால் பெயர்களுக்கென்று 45 பாயிண்டைத் தோராயமாகக் கழித்துவிட்டுத்தான் வரையும். பெயர் நீளமானால் மொத்த அகலம் நீங்கள் கேட்டதைத் தாண்டும். அளவில் கறாராக இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பைத்தான் ஆட்கள் அந்த மொழியின் கிராஃப் நூலகமான மேட்பிளாட்லிப்பைக் கேட்பார்கள். அதையும் கட்டளை வரியில் ஸ்கிரிப்டாக ஓட்டலாம், தப்பே இல்லை. படத்தின் அளவை அங்குலத்தில் கொடுங்கள், சேமிக்கும்போது 'பிபாக்ஸ் டைட்' என்று இணையத்தில் எல்லோரும் சொல்வதைப் போடாதீர்கள், அது ஓரத்தை வெட்டி அளவை மாற்றிவிடும். தமிழ் எழுத்தமைப்பு இதில் நீண்ட காலமாகவே தகராறு, கொம்பு இடம் மாறும். தப்பிக்க வழி, பிஜிஎஃப் பேக்எண்டுக்கு மாற்றி ஸீலாடெக் கையில் எழுத்தைக் கொடுத்துவிடுவது. இயல்பு அமைப்பில் எழுத்துருவை டைப் 3 வடிவத்தில் பிடிஎஃப்பில் புதைக்கும், சில ஆய்விதழ்கள் அதை ஏற்பதில்லை, ஃபான்ட்டைப் என்ற அமைப்பை 42 ஆக்கினால் சரியாகிவிடும். ஆர் மொழிக்காரர்களுக்கு ஒரே வரி: சாதாரண பிடிஎஃப் சாதனத்தை விட்டுவிட்டு கெய்ரோ பிடிஎஃப் சாதனத்தில் எழுதுங்கள், தமிழ் சரியாக வரும்.

இந்த இடத்தில் ஒரு பழைய கதையைச் சொல்லாமல் நகர மனமில்லை. கிராஃபை ஆவணத்துக்குள்ளேயே எழுத்தாக எழுதுவது லாடெக்காரர்கள் கண்டுபிடித்ததில்லை. பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸோடு வளர்ந்த டிராஃப் அச்சுக்கோர்ப்பில் சமன்பாட்டுக்கு ஈக்யூஎன், அட்டவணைக்கு டிபிஎல், படத்துக்கு பிக் என்று தனித்தனி முன்செயலிகள் இருந்தன. ஒன்றன் வெளியீடு அடுத்ததற்கு உள்ளீடாகக் குழாய் வழியே போகும். 1980களில் ஜான் பென்ட்லியும் பிரையன் கெர்னிகனும் அந்த வரிசையில் கிராப் என்ற ஒன்றைச் சேர்த்தார்கள், கிராஃப் வரைய. அது கிராஃபை பிக் மொழிக்கு மாற்றும், பிக் அதை டிராஃபுக்கு மாற்றும். ஆவணத்தில் ஜி1 என்று ஒரு வரி, ஜி2 என்று ஒரு வரி, நடுவில் வெறும் எண்கள். அவ்வளவுதான், புள்ளி கிராஃப் ஒன்று அச்சு, அளவுக்கோடு எல்லாவற்றோடும் வந்து நிற்கும். இதைவிடச் சுருக்கமாக நான் எதையும் பார்த்ததில்லை. இன்றும் டெபியனில் கிராப்பை நிறுவி, டிராஃபின் இன்றைய வடிவமான க்ரோஃபுக்குப் பெரிய ஜி, சின்ன பி இரண்டு விருப்பங்களைக் கொடுத்து ஓட்டலாம். க்னூபிளாட்டின் பழைய பதிப்புகளிலேயேகூட ஜிபிக் என்று ஒரு டெர்மினல் க்ரோஃபுக்காக இருந்தது. ஆங்கிலத்தில் நான்கு பக்க அறிக்கை என்றால் நான் க்ரோஃபைத்தான் எடுப்பேன், கண்ணிமைக்கும் நேரத்தில் முடித்துவிடும். தமிழ் எழுத்தமைப்பு அதில் கிடையாது என்பதால் உங்கள் ஆய்வேட்டுக்கு ஆகாது.

இனி, தரவு மாறினால் எல்லாப் படத்தையும் திரும்ப எடுக்க வேண்டும் என்ற புலம்பல். அதற்குத்தான் மேக், மாறியதை மட்டும் பார்த்துத் திரும்ப உருவாக்கும் கருவி. அதன் விதிகளை எழுதும் மேக்ஃபைலில் எழுத வேண்டியது: இந்தப் படம் இந்த ஸ்கிரிப்டையும் இந்தத் தரவுக் கோப்பையும் நம்பியிருக்கிறது, இரண்டில் ஒன்று மாறினால் க்னூபிளாட்டை ஓட்டு. ஆய்வேடு எல்லாப் படங்களையும் நம்பியிருக்கிறது, அவற்றில் ஒன்று மாறினால் லாடெக்எம்கேயை (லாடெக்கைத் தேவையான தடவை ஓட்டித் தரும் கட்டளை) ஓட்டு. அப்புறம் ஜூலை மாதத்தில் ஒரு நாளின் நீர்மட்டத்தைத் திருத்திவிட்டு 'மேக்' என்று தட்டினால் பாதிக்கப்பட்ட படம் மட்டும் புதிதாகும், மற்றவை அப்படியே இருக்கும். தரவுக் கோப்பை நம்பிக்கைப் பட்டியலில் சேர்க்க மறந்துவிடாதீர்கள். பலரும் ஸ்கிரிப்டை மட்டும் சேர்த்துவிட்டு, தரவை மாற்றியும் படம் மாறவில்லையே என்பார்கள்.

கெய்ரோலாடெக் ஒரே ஓட்டத்தில் இரண்டு கோப்பை உருவாக்குகிறது அல்லவா, அது மேக்குக்குப் பிடிக்காத விஷயம். குனு மேக் 4.3 முதல் இரண்டையும் ஒரே குழுவாக அறிவிக்கலாம், முக்காற்புள்ளிக்கு முன்னால் ஆம்பர்சாண்ட் குறி போட வேண்டும். பழைய மேக் என்றால் டெக் கோப்பை மட்டும் இலக்காக எழுதுங்கள், நடைமுறையில் போதும். கூடவே 'டெலீட் ஆன் எரர்' என்ற சிறப்பு இலக்கை மேக்ஃபைலின் மேலே போட்டுவிடுங்கள். க்னூபிளாட் நடுவில் பிழை கண்டு நின்றால் பாதி எழுதிய கோப்பு கிடக்கும், அது புதிய கோப்பு என்று மேக் நம்பி அடுத்த முறை தாண்டிப் போய்விடும். இந்த ஒரு வரி அதைத் தடுக்கும். கட்டளை வரிகளுக்கு முன்னால் வெற்றிடம் இல்லை, டேப்தான் இருக்க வேண்டும் என்பதை இன்னும் எத்தனை தலைமுறைக்குச் சொல்லிக்கொண்டிருப்போமோ தெரியவில்லை.

எக்செல்லிலிருந்து சிஎஸ்வியாக, அதாவது கமா பிரித்த உரைக்கோப்பாகத் தரவை எடுக்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். யூடிஎஃப்-8 சிஎஸ்வி என்று சேமித்தால் கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டிக்கொள்ளும், நெடுவரிசைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் கருவிகளில் முதல் நெடுவரிசை மட்டும் கிடைக்காமல் போகும். டாஸ்2யூனிக்ஸ் ஓட்டினால் அதுவும் போகும், வரி முடிவில் உள்ள விண்டோஸ் எச்சமும் போகும். இன்னொன்று நம்மூருக்கே உரியது: செல்லில் எண் 1,25,000 என்று லட்சக் கமாவோடு தெரிந்தால் சிஎஸ்வியிலும் அப்படியே மேற்கோளுக்குள் போய் உட்காரும், க்னூபிளாட் அதை எண்ணாகப் படிக்காது. நீர்மட்டத்துக்கு இந்தத் தொல்லை இல்லை, கனஅடிக் கணக்கில் நீர்வரத்தை வரைய ஆரம்பித்தால் வரும். சேமிக்கும் முன் செல் வடிவத்தைப் பொதுவான எண்ணுக்கு மாற்றிவிடுங்கள்.

பிறகு, மணிக்கணக்குத் தரவு மாதிரி லட்சக்கணக்கான புள்ளிகள் இருந்தால் வெக்டர் பிடிஎஃப் கனத்துவிடும், பக்கத்தைப் புரட்டும்போது ஒவ்வொரு புள்ளியாகத் திரையில் வந்து விழும். க்னூபிளாட்டில் 'எவரி' என்று போட்டுப் பத்தில் ஒன்றை மட்டும் எடுக்கலாம். அது உச்சங்களைத் தவறவிடும் என்பதால், வெள்ளம் மாதிரி உச்சம் முக்கியமான தரவுக்கு, உரைக்கோப்பை வரிவரியாகக் கையாளும் 'ஆக்' என்ற கட்டளையில் நாலு வரி எழுதி ஒவ்வொரு நாளின் அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் எடுத்து வரைவதே நேர்மை.

கடைசியாகச் சரிபார்ப்பு. 'பிடிஎஃப்ஃபான்ட்ஸ்' கட்டளையை முழு ஆய்வேட்டின் மேல் ஓட்டினால் எந்தெந்த எழுத்துரு, எல்லாம் உள்ளே புதைந்திருக்கிறதா என்று வரிசையாகக் காட்டும், 'எம்ப்' என்ற பத்தியில் எங்கும் 'நோ' இருக்கக் கூடாது. தேர்வாளருக்குப் போகும் பிரதி பெரும்பாலும் கருப்பு வெள்ளை ஜெராக்ஸ்தான், அதனால் நிறத்தை மட்டும் நம்பி இரண்டு ஆண்டுகளை வேறுபடுத்தாதீர்கள். 'செட் மோனோக்ரோம்' என்று ஒருமுறை ஓட்டினால் கோட்டு வகை மாறி வரும், அதிலும் புரிகிறதா என்று பாருங்கள். அப்புறம் ஒரு பக்கத்தைத் தாளில் எடுத்து ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். படம் 12.1 செ.மீ.க்குப் பதில் 11.7 என்று வந்தால் க்னூபிளாட்டைத் திட்டாதீர்கள், அச்சிடும் பெட்டியில் 'பக்கத்துக்குப் பொருத்து' என்பது தேர்வாகியிருக்கும், அதை 'உண்மை அளவு' என்று மாற்றி இன்னொரு தாள் போடுங்கள்.